கைப்பொருளோடு ஓர் உருவப்படம்

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தில், ஓய்வூதியம் பெறும் பெரியவர்கள் உயிர்வாழ் சான்றிதழ் அளிப்பதற்காக வங்கிக் கிளைகளுக்கு வருகின்றனர். அவர்கள் கையில் உள்ள பாஸ் புத்தகத்தின் முதற்பக்கத்தில் ஒரு சிறிய ஒளிப்படம் ஒட்டப்பட்டிருக்கும். முப்பத்தைந்து மில்லிமீட்டர் அகலம், நாற்பத்தைந்து மில்லிமீட்டர் உயரம், வெள்ளைப் பின்னணி, நேர்ப்பார்வை, புன்னகை இல்லை. அடையாளம் காண்பதற்கு அது போதுமானது. வங்கிக்கு அதற்கு மேல் வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பெரியவர் மறைந்தபின் வீட்டிலுள்ளோர் சுவரில் மாட்டுவதற்கு ஒரு படத்தைத் தேடும்போது, பெரும்பாலும் அகப்படுவதும் அந்தப் படமேயாகும். அதனைப் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலமாகப் பெரிதாக்குவதென்றால் ஏறக்குறைய பத்து மடங்கு நீட்டவேண்டும். கண்கள் மங்கும்; காதோரம் சிதறும்; பின்னணியைக் கணினியில் நீலமாக்கித் தருவார்கள். என் தந்தையார் மறைந்தபோது எங்கள் வீட்டிலும் இதுவே நிகழ்ந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கோத்த அவருடைய விரல்கள் அந்தப் படத்தில் இல்லை. அவர் பயன்படுத்திய கோப்புக் கட்டையும் இப்போது எங்களிடம் இல்லை.

பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே, அவர்கள் வாழ்வோடு ஒன்றிய ஒரு பொருளையும் உடன் வைத்து, நல்ல ஒளியில் ஓர் உருவப்படம் எடுத்து வைப்பது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தாராவியின் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையிலும் இதனைச் செய்யலாம். மாதுங்காவிலோ செம்பூரிலோ உள்ள ஒரு ஸ்டுடியோவிற்குச் சென்றும் செய்து கொள்ளலாம்.

பொருளோடு நிற்கும் மரபு

உருவப்படத்தில் பொருள்களை வைப்பது புதிய வழக்கமன்று. பழைய தமிழ் ஸ்டுடியோக்களில் வரைந்த திரையும், வளைந்த கால்களையுடைய சிறு மேசையும், அதன்மேல் பூச்சாடியும் எப்போதும் தயாராக இருந்தன. கைக்கடிகாரம் தெரியும்படி கையை மடியில் வைத்து அமர்ந்தவர்களையும், வானொலிப் பெட்டியின் அருகே நின்றவர்களையும், திருமணத்தன்று மிதிவண்டியோடு நின்ற மணமக்களையும் நம் வீட்டுப் பழைய ஆல்பங்களில் காணலாம். தமிழ்நாட்டின் இத்தகைய ஸ்டுடியோப் படங்களை, புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுறும் ஆவணங்கள் திட்டத்தின் துணையோடு எண்மமாக்கிப் பாதுகாத்து வருகிறது. அவற்றுள் பல பொருள்கள் ஸ்டுடியோவிற்குச் சொந்தமானவை. படம் எடுத்துக் கொண்டவருக்குச் சொந்தமானவை அல்ல. அதில் தவறொன்றும் இல்லை. அடைய விரும்பிய வாழ்வையும் படத்தில் சேர்த்துக் கொள்ளும் ஆசை அது.

சொந்தப் பொருள் வேறு வகையில் பேசும். மகாகவி பாரதியாரின் அசல் ஒளிப்படங்களாக நமக்குக் கிடைத்திருப்பவை ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கிவிடும். அவற்றுள் 1919இல் காரைக்குடியில் எடுக்கப்பட்டதில் அவர் கையில் ஒரு நீண்ட தடி இருக்கிறது. அந்தத் தடியை நீக்கிவிட்டு அப்படத்தை நினைத்துப் பார்க்க நம்மால் இயலுவதில்லை.

செம்பூரிலேயே இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. 1948இல் ராஜ் கபூர் தொடங்கிய ஆர். கே. ஸ்டுடியோவின் சின்னம், 1949இல் வெளிவந்த ‘பர்சாத்’ படத்தின் ஒரு காட்சியைத் தழுவியது: ஒரு கையில் நாயகி, மற்றொரு கையில் வயலின். சயான்–டிராம்பே சாலையில் பேருந்தில் சென்ற எத்தனையோ பேர் அந்த வாயிலின்மேல் இருந்த உருவத்தின் முகத்தைச் சரியாகக் கண்டிருக்க மாட்டார்கள், வயலினைக் கண்டிருப்பார்கள். 2017 செப்டம்பரில் அங்கு நேர்ந்த தீ விபத்தில் பழைய படங்களின் உடைகளும் பொருள்களும் பெருமளவு அழிந்தன.

ஆயினும் இத்துறையில் நாம் பாடமாகக் கொள்ளத்தக்க படம், மும்பைக்கு அருகிலுள்ள புனேயில் 1946இல் எடுக்கப்பட்டது. ‘லைஃப்’ இதழுக்காக மார்கரெட் போர்க்–ஒயிட் என்னும் அமெரிக்கப் பெண்மணி காந்தியடிகளை இராட்டையோடு படம் பிடிக்க வந்தார். நூற்கக் கற்றுக்கொண்ட பிறகே படம் எடுக்கலாம் என்று அடிகளின் செயலர் கூறிவிட்டார். அவரும் அமர்ந்து கற்றார். பளிச்சிடும் விளக்குக் குமிழ்கள் மூன்று மட்டுமே அனுமதிக்கப்பட்டன. முதலிரண்டு முயற்சிகளும் வீணாயின. மூன்றாவதில் படம் அமைந்தது. அப்படத்தில் காந்தியடிகள் நூற்கவில்லை. தரையில் அமர்ந்து தாள்களைப் படித்துக் கொண்டிருக்கிறார். இராட்டை முன்புறத்தில் பெரிதாக நிற்கிறது. பின்னால் உள்ள சாளரத்திலிருந்து வெளிச்சம் வருகிறது. பொருளைக் கையில் திணித்து, கேமராவைப் பார்க்கச் சொல்லும் முறைக்கு இது நேர் எதிரானது. நூற்கக் கற்ற அந்தச் சில மணி நேரம் இல்லாதிருந்தால், இராட்டையை எந்தக் கோணத்தில் வைப்பதென்று அவருக்குத் தெரிந்திருக்குமா என்பது ஐயமே.

பொருளை நீக்குவதும் சில வேளைகளில் படத்தை உருவாக்கும். 1941 டிசம்பரில் ஆட்டவா நகரில் யூசுப் கார்ஷ், பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலின் வாயிலிருந்த சுருட்டைச் சட்டென்று எடுத்துவிட்டுப் படம் பிடித்தார். அந்தச் சினமே உலகப் புகழ்பெற்ற படமாயிற்று. நம் வீட்டுப் பெரியவர்களிடம் இதனைச் செய்து பார்க்குமாறு நான் யாருக்கும் கூறமாட்டேன்.

எந்தப் பொருள்?

விலை உயர்ந்த பொருளைத் தேட வேண்டியதில்லை. கை பழகிய பொருளே வேண்டும். தாராவியில் விடியற்காலையில் இட்லி அவித்து விற்று மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்க்கு, அந்த அலுமினியப் பாத்திரம். மாதுங்காவில் வாழும் இசை ஆசிரியருக்கு, கரணை தேய்ந்த மிருதங்கம். செம்பூரை அடுத்த டிராம்பேயின் தொழிற்சாலைகளிலும் அணு ஆராய்ச்சி மையத்திலும் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் பலர். அவர்களுள் ஒருவருக்கு, கணிப்பொறி வருமுன் பயன்படுத்திய ஸ்லைட் ரூல். நடனம் பயின்ற பெண்ணுக்குச் சலங்கை. மாதுங்காவில் ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர் 1945 முதல் இயங்கி வருவதால், பாட்டியும் பேத்தியும் அங்கேயே பயின்ற வீடுகள் இருக்கக்கூடும். அத்தகைய வீட்டில் ஒரே சலங்கையை இருவரும் சேர்ந்து ஏந்துவதைவிடப் பொருத்தமான படம் வேறென்ன இருக்க முடியும்?

பொருளைக் கையில் கொடுத்துவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் கூறாமல் இருங்கள். பழகிய கை தானாகவே அதனை உரிய இடத்தில் பற்றிக்கொள்ளும்: மூடியைத் துணியால் பிடிக்கும், வாரை இழுத்துப் பார்க்கும். அந்த நிலையே படத்திற்குரிய நிலை. மாறாக, பொருள் கையில் அந்நியமாகத் தோன்றினால் அது தவறான தேர்வு, வேறொன்றைக் கேளுங்கள். ஒரு படத்திற்கு ஒரு பொருள் போதும். இரண்டாவது பொருள் வந்தவுடன் படம் கண்காட்சி மேசையாகிவிடுகிறது.

வங்கி இதழில் ஒரு சிறு எச்சரிக்கையும் பொருந்தும். முதற்சேமிப்பின் நினைவாகப் பழைய பாஸ் புத்தகத்தைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொள்ள விரும்புவோர் அதனை மூடியே பிடிக்க வேண்டும். கணக்கு எண் எழுதிய பக்கமோ, ஆதார் அட்டையோ படத்தில் தெளிவாகத் தெரிவது நல்லதன்று. படங்கள் இன்று எங்கெல்லாம் செல்கின்றன என்பதை நாம் அறிவோம்.

அறையும் சாளரமும்

மின்விளக்கு வருமுன் ஸ்டுடியோக்கள் வடக்கு நோக்கிய கண்ணாடிக் கூரையோடு கட்டப்பட்டன. வடக்குச் சாளரத்தில் நேர் வெயில் விழாது. வானத்தின் பரவலான ஒளி மட்டும் நாள் முழுதும் ஏறக்குறைய ஒரே சீராக வரும். மும்பையில் மே நடுப்பகுதியிலிருந்து ஜூலை இறுதி வரை நண்பகல் சூரியன் சிறிது வடக்கே சாயும் என்பது உண்மையே. ஆனால் அதில் பெரும்பகுதி மழைக்காலமாதலால் தொல்லை குறைவு. வடக்குச் சாளரம் இல்லையெனில், இருக்கும் சாளரத்தின் குறுக்கே ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். மெல்லிய நெசவுள்ள பழைய வேட்டி, விலைகொடுத்து வாங்கும் ஒளிபரப்பித் துணிக்குச் சற்றும் குறைந்ததன்று.

வெளிச்சம் மென்மையாக இருப்பதும் கடுமையாக இருப்பதும் விளக்கின் ஆற்றலைப் பொறுத்தன்று; அமர்ந்திருப்பவரின் இடத்திலிருந்து பார்க்கும்போது அந்த ஒளிமூலம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. சூரியன் மிகப் பெரிது. ஆயினும் தொலைவில் இருப்பதால் சிறிதாகத் தெரிகிறது. எனவே நிழலின் விளிம்பு கத்தி போல் விழுகிறது. மூன்றடி அகலமுள்ள வேட்டித் திரை நான்கடி தூரத்தில் இருந்தால் மிகப் பெரிதாகத் தெரிகிறது. நிழல் மெல்லக் கரைகிறது. ஸ்டுடியோவில் பயன்படும் சாஃப்ட்பாக்ஸ், வெள்ளைக் குடை ஆகியவை செய்வதும் இதையே.

தாராவி அறைகளில் வேறொரு சிக்கல் உண்டு. சுவர்கள் பச்சையாகவோ நீலமாகவோ இருக்கும். விளக்கொளி அவற்றில் பட்டுத் திரும்பும்போது முகத்தின் ஒரு பக்கத்தில் அந்நிறம் ஏறிவிடும். அமர்பவரின் இருபுறமும், கேமராவில் தெரியாத இடத்தில், வெள்ளை விரிப்புகளைத் தொங்கவிட்டால் இது நீங்கும். அறையிலுள்ள குழல்விளக்கையும் எல்.இ.டி. பல்பையும் அணைத்துவிட வேண்டும். வெவ்வேறு நிறவெப்பம் கொண்ட விளக்குகள் கலந்தால், பின்னர் எந்தக் கணினித் திருத்தமும் முழுமையாக உதவாது. விலைக்கு வாங்குவதானால், 5,500 கெல்வின் அளவில், சி.ஆர்.ஐ. மதிப்பு 95க்குக் குறையாத விளக்கையே வாங்குங்கள். பட்டின் அரக்கு நிறமும் மாநிறமும் பிழையின்றி வருவதற்கு அது இன்றியமையாதது.

விளக்கை வைக்கும் முறை

ஒரே ஒரு விளக்கோடு தொடங்குவதே நன்று. அமர்பவரின் முகத்திற்குப் பக்கவாட்டில் சுமார் 45 பாகைக் கோணத்தில், கண் மட்டத்திற்குச் சற்று மேலே வையுங்கள். இப்போது கண்மணிகளைப் பாருங்கள். கடிகாரத்தில் பத்து அல்லது இரண்டு மணி முள் இருக்கும் இடத்தில் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். அப்புள்ளி இல்லாத கண்கள் படத்தில் உயிரற்றுத் தோன்றும். முதியவர்களின் கண்கள் உள்ளாழ்ந்திருப்பதால் விளக்கை மிக உயர்த்தினால் புருவ நிழல் விழிகளை மறைத்துவிடும். அரையடி தாழ்த்திப் பார்க்கலாம். விளக்கு இல்லாத கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, முக்கோணமாகச் சிறு ஒளி விழுந்தால் அது பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் கையாண்ட ஒளியமைப்பு. இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. மூக்கின் நிழல் உதட்டைத் தொடாதவரை எல்லாம் நலமே.

நிழற்பக்கம் மிக இருண்டால் இரண்டாவது விளக்கிற்கு ஓடவேண்டாம். ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பலகையை அப்பக்கம் பிடித்தால் போதும். அருகே கொண்டுசென்றால் நிழல் இளகும், விலக்கினால் ஆழமாகும். முகத்தைப் பெரிதும் ஒளிரச் செய்து சுருக்கங்களை அழிப்பது இப்போது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. நிறத்தை வெளுக்கச் செய்வதும் அவ்வாறே. என் கருத்தில் இரண்டும் படத்தில் இருப்பவருக்கு இழைக்கும் அநீதி. கருமை நிறமுள்ள முகத்திற்கு வேண்டுவது அதிக வெளிச்சமன்று. அகன்ற, மென்மையான ஒளிமூலம். நெற்றியிலும் கன்ன எலும்பிலும் அது தரும் மெருகே முகத்தின் வடிவைக் காட்டும்.

கேமராவின் தானியங்கி அளவீட்டை இங்கு நம்பவேண்டாம். அது தான் காணும் அனைத்தையும் நடுச்சாம்பலாக்க முயலும். வெள்ளை வேட்டி கட்டியவரை எடுத்தால் முகம் இருளும். கறுப்புத் திரைக்கு முன் எடுத்தால் முகம் வெளுத்துவிடும். முகத்தை மட்டும் அளந்து, அந்த அளவை மாற்றாமல் வைத்துக் கொள்ளுங்கள்.

பொருளுக்குரிய ஒளியே இதில் மிக நுட்பமானது. நம் கண் படத்தின் மிகப் பிரகாசமான இடத்திற்கே முதலில் செல்லும். அது முகமாக இருக்க வேண்டும். பொருள் அதைவிட அரைப்படி முதல் ஒரு படி வரை மங்கியிருப்பது நல்லது. இதற்குத் தூரமே துணை. ஒளியின் செறிவு தூரத்தின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்தில் குறையும்: தூரம் இருமடங்கானால் ஒளி கால்பங்காகும். முகம் விளக்கிலிருந்து மூன்றடியிலும், மடியிலுள்ள பொருள் நான்கடியிலும் இருந்தால் பொருளுக்கு முகத்திற்குக் கிடைப்பதில் ஏறக்குறைய 56 விழுக்காடு ஒளியே சேரும். விளக்கையே பின்னுக்குத் தள்ளி, முகம் ஆறடியிலும் பொருள் ஏழடியிலும் இருக்குமாறு வைத்தால் அது 73 விழுக்காடாக உயரும். பொருள் மறைய வேண்டுமா, தெரிய வேண்டுமா என்பதை விளக்கை ஓரிரண்டு அடி நகர்த்தியே முடிவு செய்யலாம். பின்னால் உள்ள திரை ஐந்தாறடி விலகியிருந்தால் அதுவும் தானே இருண்டு ஒதுங்கும். சிறிய அறையில் அதற்கு இடமிராது, ஆகையால் மங்கிய நிறமுள்ள போர்வையைத் திரையாக்குங்கள்.

பித்தளையும் அலுமினியமும் தொல்லை தருபவை. பளபளக்கும் பரப்பு ஒரு கண்ணாடி. தன்மேல் விழும் ஒளியைக் காட்டாது, தன்னெதிரே நிற்பதைக் காட்டும். குத்துவிளக்கைப் படமெடுத்தால் அதன் வயிற்றில் அறையும், கேமராவும், எடுப்பவரின் கட்டம்போட்ட சட்டையும் தெரியும். விளக்கின் ஆற்றலைக் குறைப்பதால் இது தீராது. பாத்திரத்தின் எதிரே அது பிரதிபலிக்கத்தக்க அகன்ற வெள்ளைப் பரப்பு ஒன்றை நிறுத்தவேண்டும். ஒரு வெள்ளை விரிப்பு போதும். மறுபுறம் ஒரு கறுப்புக் குடையை விரித்து வைத்தால் பாத்திரத்தின் விளிம்பு கோடிட்டாற்போல் எழும். புளியிட்டுத் துலக்கிப் பளபளப்பாக்கிய பின் எடுப்பதா, புழக்கத்தில் உள்ளபடி எடுப்பதா என்பது வீட்டுப் பெண்களின் முடிவு. அடுப்புக் கரி ஏறிய பாத்திரமே எனக்கு உகந்தது. அதன் மேல் பக்கவாட்டு ஒளி விழும்போது, நசுங்கிய ஒவ்வோர் இடமும் தெரியும்.

மூக்குக்கண்ணாடியில் விளக்குத் தெரிவதும் இதே விதியின்படிதான். விளக்கைச் சிறிது உயர்த்தலாம். அல்லது கண்ணாடியின் காதுக்கொம்பைச் சற்றே தூக்கிவிட்டால் வில்லை கீழ்நோக்கிச் சாயும், பிரதிபலிப்பு மறையும். கண்ணாடியைக் கழற்றச் சொல்லாதீர்கள். நாற்பது ஆண்டுகள் அணிந்தவர் அதனைக் கழற்றினால் வேறொருவராகத் தோன்றுவார்.

கேமராவைப் பற்றிச் சுருக்கமாகக் கூறலாம். மிக அருகில் சென்று எடுத்தால் மூக்கு பெருத்தும் காதுகள் சிறுத்தும் தோன்றும். ஆறு, ஏழு அடியேனும் விலகி நில்லுங்கள். கைப்பேசியானால் அகன்ற கோணத்தை விடுத்து இருமடங்கு வில்லையைப் பயன்படுத்துங்கள். முகமும் பொருளும் இரண்டுமே தெளிவாக வேண்டுமாதலால் துவாரம் எஃப் 5.6 முதல் எஃப் 8 வரை; ஃபிளாஷ் விளக்கானால் நொடியில் 125இல் ஒரு பங்கு, ஐ.எஸ்.ஓ. 100, எல்.இ.டி. ஆனால் முக்காலியும் ஐ.எஸ்.ஓ. 400க்கு மேலும் தேவைப்படும். விளக்குத் தண்டின் காலில் தண்ணீர் நிரப்பிய இரண்டு பெரிய பாட்டில்களைக் கட்டிவிடுங்கள். சிறு அறையில் தண்டு சாய்ந்தால் அது விழும் இடம் பெரும்பாலும் பெரியவரின் தலையாகவே இருக்கும்.

அமர்பவரின் நேரம்

எல்லா விளக்குகளையும் ஒரு பேரனை அமரவைத்துச் சரிபார்த்த பின்னரே பெரியவரை அழைக்கவேண்டும். முதியவர்களால் இருபது நிமிடத்திற்கு மேல் விளக்கின் முன் இருக்க இயலாது. காலை உணவிற்குப் பின், மருந்து உண்ட பின் உள்ள நேரமே உகந்தது. பேச்சுக் கொடுத்துக் கொண்டே இருங்கள். "இந்தப் பாத்திரத்தை எங்கே வாங்கினீர்கள், அம்மா?" என்று கேட்டால், ஊரும் கடையும் பேரம் பேசியதும் வரும், அவ்வாறு சொல்லி முடித்துப் பொருளைக் குனிந்து பார்க்கும் கணத்தில் எடுப்பதே, "சிரியுங்கள்" என்று கூறி எடுத்த பத்துப் படங்களைவிட மேலானது.

வீட்டில் இயலாதென்றால் ஸ்டுடியோக்கள் உள்ளன. பாஸ்போர்ட் அளவுப் படங்களையே நம்பி வாழும் சிறு ஸ்டுடியோக்கள், பொருளோடு எடுக்கும் இத்தகைய உருவப்படங்களைத் தனிச் சேவையாக வழங்கலாம். அதற்கான விளக்குகளும் தண்டுகளும் வாங்க, 2015 ஏப்ரலில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி முத்ரா திட்டம் துணைசெய்யும். பிணையின்றி வழங்கப்படும் இக்கடனில் ‘சிசு’ பிரிவு 50,000 ரூபாய் வரையிலும், ‘கிஷோர்’ பிரிவு அதற்குமேல் 5 லட்சம் வரையிலும் உள்ளது. ஓர் ஒளிப்படக் கலைஞருக்கு முதலில் தேவைப்படும் இரண்டு விளக்கும் ஒரு சாஃப்ட்பாக்ஸும் பெரும்பாலும் முதற்பிரிவிலேயே அடங்கிவிடும். மும்பையின் மழைக்கால ஈரம் வில்லைகளில் பூஞ்சையை வளர்க்கும் என்பதால், காற்றுப்புகாத பெட்டியும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் அந்தச் செலவுக் கணக்கில் சேர்க்கப்பட வேண்டும்.

தாராவியில் மறுசீரமைப்புப் பணிகள் நடைபெறும் இக்காலத்தில் பல குடும்பங்கள் வீடு மாற ஆயத்தமாகின்றன. வீடு மாறும்போது முதலில் கழிக்கப்படுபவை பழைய பாத்திரங்களும் பழுதான கருவிகளும்தாம். அவற்றை எடைக்குப் போடுமுன் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கிக் கொள்ளுங்கள்.

எடுத்த படத்தைக் கைப்பேசியில் மட்டும் வைத்திருக்காமல், மங்கல் பூச்சுள்ள தாளில் ஒரு பிரதியேனும் அச்சிடுங்கள். கோப்பை இரண்டு இடங்களில் சேமியுங்கள். ஒன்று வீட்டிற்கு வெளியே இருக்கட்டும். அச்சிட்ட தாளின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயர், நாள், இடம் ஆகியவற்றோடு பொருளைப் பற்றியும் எழுதிவையுங்கள்: இந்தப் பாத்திரம் எந்த ஊரில் எந்த ஆண்டு வாங்கப்பட்டது, நாளொன்றுக்கு எத்தனை இட்லி அதில் வெந்தது, மூடியின் ஓரம் எவ்வாறு நசுங்கியது என்று.